முன்சீட்டு ஈரம்

வலங்கைமான் வட்டாரத்தில் ஒரு கல்யாணம் பேசி முடித்தால், மண்டபம் பிடித்த கையோடு பிரகதாம்பாளுக்கு போன் போகும். சீர்வரிசைத் தட்டு அலங்காரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐந்து கிலோ லட்டைத் தேராகக் கட்டுவாள். பட்டுப்புடவையை மடித்து மயிலாக உட்கார வைப்பாள். ஒருமுறை மாப்பிள்ளை டிராக்டர் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மைசூர்பாக்கிலேயே டிராக்டர் செய்து, சக்கரத்துக்கு அதிரசம் பொருத்தி அனுப்பினாள். பெண் வீட்டில் அதை வெட்ட மனசு வராமல் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் எறும்புகள் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டன.

வயது ஐம்பத்து மூன்று. ஆள் குட்டை. கார் ஓட்டும்போது ஸ்டியரிங்குக்கு மேல் ரோடு தெரிய வேண்டும் என்று சீட்டில் இரண்டு தலையணை போட்டுக்கொள்வாள். ஓட்டக் கற்றுக்கொண்டதே நாற்பத்தாறாவது வயதில்தான். அதுவரை தட்டுகளை வாடகை வேனில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வேன்காரர் வேகத்தடை மேல் வண்டியைத் தூக்கிப் போட்டதில், முந்நூறு பாதுஷாவால் எழுப்பிய கோபுரம் சரிந்து டிரைவர் மடியில் விழுந்தது. கூடப் போயிருந்தவள் இறங்கி ஒரு நிமிஷம் பார்த்தாள். மறுநாள் காலை டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றாள்.

கும்பகோணத்து டாக்டர் ஒருவர் கழித்துவிட்ட வெள்ளைக் காரை வாங்கினாள். வாங்கும்போதே அதற்குப் பதினைந்து வயது. இப்போது அந்த மாடலை ரோட்டில் பார்க்க முடியாது. பின்சீட்டில் பாதியை எடுத்துவிட்டுத் தட்டு அடுக்க மரப்படி வைத்தாள். முன்சீட்டில் அவள் கணவர் பஞ்சநதம்.

பஞ்சநதம் முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். கார் ஓட்டத் தெரியாது, ஆனால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் தெரியும். அவர் "ரைட்" என்று சொல்லாமல் பிரகதாம்பாள் வண்டியை எடுத்தால் அவருக்கு ஒருநாள் பொழுதே ஓடாது. பின்னால் எடுக்கும்போது இறங்கிப் போய் உள்ளங்கையால் டிக்கியைத் தட்டி, "வரலாம், வரலாம், வரலாம், ஹோல்டான்" என்பார். அந்த "ஹோல்டான்" எப்போதும் சுவரில் இடித்த பிறகே வரும்.

அந்த வருஷம் வைகாசியில் காருக்குள் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. பாகு காய்கிற மாதிரி, ஆனால் கொஞ்சம் மருந்து கலந்த மாதிரி ஒரு தித்திப்பு.

"ஏதாவது ஜாங்கிரி சீட்டுக்கு அடியில உருண்டிருக்கும்" என்றார் பஞ்சநதம்.

சீட்டைக் கழற்றித் தேடினார்கள். கல்கண்டு மூன்று, ஒரு மெட்டி, போன தை மாசத்து அழைப்பிதழ், ஒரு பல் செட்டின் மேல்பகுதி. யாருடைய பல் என்று இன்றுவரை தெரியவில்லை. ஜாங்கிரி இல்லை. வாசனை மட்டும் இருந்தது. தட்டு எடுத்துப் போகிற வண்டிதானே, இனிப்பு வாசனை வராமல் என்ன வரும் என்று விட்டுவிட்டாள்.

அதன் பிறகு முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் புகை மாதிரி ஒரு படலம். துடைத்தால் போகாது, எண்ணெய் தேய்த்த மாதிரி இழுபடும். பஞ்சநதத்தின் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பிசுபிசுத்துப் போயின. கூடவே வண்டி தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. தினம் காலையில் ரேடியேட்டருக்கு ஒரு செம்பு ஊற்றினால்தான் ஆச்சு. டாக்டர் வைத்திருந்த காலத்தில் அதில் பச்சை நிறத்தில் ஒரு கூலன்ட் இருந்தது. செம்பு செம்பாக வெறும் தண்ணீர் சேரச் சேர அந்தப் பச்சை வெளுத்து, இளமஞ்சளாகிவிட்டது. ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று பிரகதாம்பாள் யோசிக்கவில்லை. வீட்டில் மாடு இருந்த காலத்தில் அது குடித்த தண்ணீருக்கும் அவள் கணக்குக் கேட்டதில்லை.

ஆவணி பிறந்தது. மயிலாடுதுறையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு இருபத்தோரு தட்டு சொல்லியிருந்தார்கள். பெண் கும்பகோணம். தட்டுகளை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பூஜை போட்டு, அங்கிருந்து எல்லாருமாகக் கும்பகோணம் புறப்படுவது ஏற்பாடு. புறப்படுகிற நேரத்தில் பார்த்தால் வேனில் ஒரு ஆள் கூட நுழைய முடியாது. மிச்சம் நின்றவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ராஜராஜன்.

அவரைச் சாதாரணமாக நிற்க வைத்துவிட முடியாது. அறுபத்தெட்டு வயது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் தங்க மூடி பேனா. வாய்க்காலில் யாருக்கு எத்தனை மணி முறைத்தண்ணீர் என்று சுற்றுவட்டாரத்தில் தகராறு வந்தால் அவர் வந்து உட்கார்ந்தால்தான் தீரும். அப்படிப்பட்டவர் எங்கே உட்காருவது என்பதே இப்போது தகராறு.

"ஐயா நம்ம வண்டியில வரட்டும்" என்றாள் பிரகதாம்பாள். பஞ்சநதத்தைப் பின்னால் அனுப்பினாள். அவர் மரப்படிக்கும் கதவுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு, இடம் போதாத தட்டு ஒன்றை மடியில் வாங்கிக்கொண்டார். தட்டில் பூந்தியில் செய்த முதலை. ராஜராஜன் முன்சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி வைத்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். முதலையைத் திரும்பிப் பார்த்து, "எனக்குக் கொஞ்சம் சக்கரை உண்டு, இதையெல்லாம் பாக்கத்தான் முடியும்" என்றார். பின்னாலிருந்து "ரைட்" என்று ஒரு குரல் வந்தது.

குத்தாலம் வரைக்கும் நல்லபடியாகப் போயிற்று. ராஜராஜன், யாரோ அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு மடையைப் பிரித்துக் கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் வாய்க்கால் நிறையத் தண்ணீர், வயலில் நாற்று விட்டிருந்தார்கள். "அப்ப மூத்தவன் எங்கிட்ட வந்து" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மூத்தவன் வந்து என்ன சொன்னான் என்று பிரகதாம்பாள் காத்திருந்தாள். மூத்தவன் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தார். ஆடுதுறை தாண்டியதும் மறுபடி நிறுத்தச் சொன்னார். வெளியே வெயில் கொளுத்துகிறது, கண்ணாடியில் மட்டும் மார்கழி. பிரகதாம்பாள் ஒரு கையால் துண்டை வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓட்டினாள். வண்டிக்குள் அந்தத் தித்திப்பு வாசனை என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கிளம்பியிருந்தது.

திருவிடைமருதூரில் மூன்றாவது முறை இறங்கினார். அவர் மறைந்ததும் பிரகதாம்பாள் எதேச்சையாகக் கீழே பார்த்தாள். முன்சீட்டு மிதியடியில் குளம் கட்டியிருந்தது. இளமஞ்சள். லேசாக ஆவி கூடப் பறந்தது.

மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். பஞ்சநதம் முதலைக்கு மேலே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கழுத்தை இழுத்துக்கொண்டார்.

"பாவம். சக்கரை இருக்குனு சொன்னாருல்ல" என்றார் தணிந்த குரலில். "அதான் இந்த வாசனை."

"வாய மூடுங்க. வர்றாரு."

ராஜராஜன் வந்து ஏறினார். வேட்டியின் கீழ்க்கரை கணுக்காலோடு ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியிலும் பார்க்க ஒன்றும் இல்லை. அங்கிருந்து கும்பகோணம் வரைக்கும் காரில் ஒருவர் பேச்சு மூச்சு விடவில்லை. ஒருமுறை பஞ்சநதம் மனசு பொறுக்காமல், "மழை வந்தாலும் வரும்" என்றார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

மண்டப வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். சம்பந்தி வீட்டு ஆண்கள் மாலையோடு வந்துகொண்டிருந்தார்கள். ராஜராஜன் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கை கதவுப் பிடியில் இருந்தது, திறக்கவில்லை. இத்தனை ஊர் வழக்கு தீர்த்த மனுஷன் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பிரகதாம்பாளுக்குப் பொறுக்கவில்லை.

டிக்கியில் வரவேற்பு மேசைக்கு என்று இரண்டு லிட்டர் கேனில் பன்னீர் இருந்தது. இறங்கிப் போய் அதை எடுத்து மூடியைத் திருகினாள். சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, "இறங்குங்க ஐயா" என்றாள். அவர் ஒரு காலை ஊன்றி எழுந்ததும், தன் புடவையைத் தானே மிதித்துத் தடுமாறி, கேனை அப்படியே அவர் இடுப்பிலிருந்து கால்வரை கவிழ்த்துவிட்டாள். கடைசிச் சொட்டு வரைக்கும்.

"ஐயையோ, பாத்து வரக்கூடாதா" என்று நாலைந்து பெண்கள் ஓடி வந்தார்கள். "கண்ணு தெரியலையா உனக்கு" என்று பஞ்சநதமும் சேர்ந்து அதட்டினார். நடிப்பு என்று புரிந்துகொண்டுதான் அதட்டினாரா, அல்லது கிடைத்த சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று அதட்டினாரா என்று அவளுக்கு இன்னமும் சந்தேகம்தான். யாரோ வேறு வேட்டி கொண்டு வந்தார்கள். ராஜராஜன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போகுமுன் ஒரு நொடி திரும்பி அவளைப் பார்த்தார். அன்றைக்கு நிச்சயதார்த்தம் முடிகிறவரை மண்டபம் முழுக்க அவர் ஒருவர்தான் மணத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பிரகதாம்பாள் மிதியடியை மூன்று தண்ணீரில் அலசி, சீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி காட்டினாள். நடந்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

நாலாம் நாள் சுவாமிமலைப் பக்கம் ஒரு சீமந்தத்துக்கு வளையல் தட்டு கொடுக்கக் கிளம்பினார்கள். பஞ்சநதம் வழக்கம்போல முன்சீட்டில் ஏறி "ரைட்" சொன்னார். பாதி வழியில் அவர் பேச்சு நின்றது. அவருக்குப் பேச்சு நிற்கிற பழக்கமே கிடையாது. பிரகதாம்பாள் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

இரண்டு மைல் போனது.

"பிரகதா."

"சொல்லுங்க."

"அந்தாளு உக்காந்த சீட்டுல நான் உக்காந்திருக்கக் கூடாது."

"ஏன்?"

"ஒட்டிக்கிச்சு."

வண்டியை ஓரம்கட்டினாள். அவர் காலடியில் அதே இளமஞ்சள் குளம். பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரகதாம்பாளுக்கு அவரைத் தெரியும், முப்பது வருஷமாகத் தெரியும். கையை நீட்டி அவர் பேன்ட்டை முழங்காலில் தொட்டாள். காய்ந்திருந்தது. தொடையில் தொட்டாள். மொறமொறவென்று இருந்தது.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"மேல காஞ்சிருக்கு, கீழ நனைஞ்சிருக்கு. உங்ககிட்டேருந்து வந்தா மேலேருந்துல்ல வரணும்?"

பஞ்சநதம் கண்ணைத் திறந்தார். இதை அவர் யோசிக்கவில்லை. நடுரோட்டில் இறங்கி நின்று தன்னைத்தானே நாலு பக்கமும் தட்டிப் பார்த்துக்கொண்டார். அவள் மண்டி போட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டாள். உள்ளே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன் மூலையிலிருந்து சொட்டு, சொட்டு. ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. சுட்டது.

வளையல் தட்டைக் கொடுத்துவிட்டு, நேராகக் கபீர் பாயிடம் போனார்கள்.

அஹமது கபீர் வலங்கைமானில் பாபநாசம் ரோட்டில் மெக்கானிக் ஷாப் வைத்திருந்தார். பன்னிரண்டு வருஷம் குவைத்தில் கார் ரிப்பேர் பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். கதவைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தார். குனிந்து ஈரத்தை இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தார், வழவழவென்று இருந்தது. முகர்ந்தார்.

"எத்தன நாளா அக்கா?"

"வாசனையா, வைகாசிலேருந்து. நாங்க ஜாங்கிரின்னு நெனச்சோம்."

பஞ்சநதமும் விரலை நனைத்து, முகர்ந்து, அடுத்து நாக்குக்குக் கொண்டுபோனார். கபீர் பாய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விஷம் அண்ணே."

"இனிப்பா இருக்கே."

"அதனாலதான் விஷம். போய் கை கழுவுங்க."

பிறகு பானெட்டைத் திறந்து காட்டினார். இன்ஜினிலிருந்து இரண்டு ரப்பர் ஹோஸ் பின்னால் இருந்த தகரச் சுவருக்குள் புகுந்து காருக்கு உள்ளே போயின. "இது ஹீட்டர் அக்கா. இன்ஜின் சுடுதண்ணி இந்த ஹோஸ் வழியா உள்ள போய், ஒரு குட்டி ரேடியேட்டருக்குள்ள சுத்திட்டுத் திரும்ப வருது. அந்தக் குட்டி ரேடியேட்டர் அரிச்சுப் போச்சு. ஊத்துற தண்ணியெல்லாம் அது வழியா உள்ள சொட்டுது. ஆவியா வர்றதுதான் கண்ணாடியில படியுது."

"நாங்க ஹீட்டரே போட்டதில்லையே பாய்."

"போடாட்டியும் தண்ணி சுத்தும். ஏ.சி. தண்ணியா இருந்தா ஜில்லுனு இருக்கும், நெறம் இருக்காது. இது அது இல்ல."

"எங்க வண்டியில ஹீட்டர் இருக்கா?" என்றார் கை கழுவி வந்த பஞ்சநதம். கபீர் பாய் டேஷ்போர்டில் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக இருந்த ஒரு திருகைக் காட்டினார். பஞ்சநதம் அதை ஏழு வருஷமாகத் தொட்டதில்லை. சிவப்பு என்றால் ஆபத்து, நீலம் என்றால் என்னவென்று தெரியாது, அதனால் இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்.

"குவைத்துல ஜனவரி மாசம் இது இல்லாம வண்டியில உக்கார முடியாது" என்றார் கபீர் பாய். "மாத்தணும்னா டேஷ்போர்டு முழுசாக் கழட்டணும். இந்த மாடலுக்கு சாமான் கெடைக்கறது கஷ்டம். கெடைச்சாலும் வலங்கைமான்ல அத வெச்சு என்ன பண்ணப் போறீங்க? ரெண்டு ஹோஸையும் இந்தப் பக்கமே ஒண்ணா சேத்துடறேன். தண்ணி உள்ளயே போகாது."

"அப்ப ஹீட்டர் வேல செய்யாதா?" என்று கேட்டார் பஞ்சநதம். இருக்கிறது என்று தெரிந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் பறிகொடுக்கிறோமே என்று அவருக்கு இருந்தது.

கபீர் பாய் வெயிலைப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரேடியேட்டரைக் கழுவிப் புது கூலன்ட் ஊற்றினார், கார்பெட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். அது மூன்று நாள் சொட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரகதாம்பாளுக்கு ராஜராஜன் ஞாபகம் வந்தது. கையில் இருந்த சோற்றுக் கரண்டி அப்படியே நின்றது. ஒரு பாவமும் அறியாத மனுஷர், வழி நெடுக அப்படி உட்கார்ந்து வந்தவர்.

"சொல்லிடலாமா?" என்றாள்.

"சொன்னா, நாம அவரப் பத்தி என்ன நெனச்சோம்னு தெரிஞ்சுடுமே" என்றார் பஞ்சநதம்.

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் சொல்லலாமா வேண்டாமா என்று தள்ளிப் போட்டாள். மூன்றாம் நாள் மயிலாடுதுறையிலிருந்து போன். ராஜராஜனின் மனைவி கலைமகள். கல்யாணத் தட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், பாதியில் பேச்சை மாற்றினார்.

"அவருக்கு என்னமோ ஆயிடுச்சு பிரகதா. நிச்சயதார்த்தம் முடிஞ்சு வந்ததுலேருந்து வீட்ட விட்டு எறங்க மாட்டேங்கறாரு. காபியில சக்கரை வேணாம், சாதம் வேணாம், கேவுரு போடுங்கறாரு. தண்ணியே குடிக்க மாட்டேங்கறாரு. கல்யாணம் தஞ்சாவூர்ல. ரெண்டு மணி நேரம் கார்ல வர முடியாது, நீங்க போயிட்டு வாங்கன்னுட்டாரு. தம்பி புள்ள கல்யாணத்துக்குப் பெரியப்பா இல்லாம எப்படி?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் மயிலாடுதுறையில் இருந்தார்கள். கூடத்தில் ராஜராஜன் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெத்தை வைத்த சோபா காலியாக இருந்தது. நாற்காலியில் துண்டு விரித்திருந்தது. கலைமகள் காபி போட உள்ளே போனார்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் பிரகதாம்பாள் சொல்லிப் பார்த்து வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"ஐயா, அன்னிக்கு நடந்தது," என்றாள், "அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்குத் தெரியும்னு தெரியும்மா" என்றார். "பன்னீரக் கொட்டினீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுது."

அவள் அடுத்ததைச் சொல்லுமுன் பஞ்சநதம் நடுவில் புகுந்தார். கூட்டத்தைச் சமாளித்தே பழகியவர்.

"கவலையே படாதீங்க. எனக்கும் வந்துச்சு."

ராஜராஜன் நிமிர்ந்தார். "உங்களுக்குமா?"

"சுவாமிமலை போறப்ப. அதே மாதிரி, வெதுவெதுன்னு. உள்ள ஒரு சின்ன பாகம் இருக்காம், அதுல ஓட்ட. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா அரிச்சுப் போயிடுமாம்."

"எனக்கு அறுபத்தெட்டு ஆகுது."

"ம்" என்றார் பஞ்சநதம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. "கபீர் பாய் பாத்த உடனே சொல்லிட்டாரு. தொட்டுத் தேச்சு, மோந்து பாத்து."

"மோந்து பாத்தாரா?"

"கைராசிக்காரரு. குவைத்துல பன்னெண்டு வருஷம் இருந்தவரு. நானே நாக்குல வெச்சுப் பாக்கப் போனேன், விடல."

ராஜராஜன் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களா?"

"ஒரு மணி நேர வேலதாங்க. பாகத்த மாத்தல, நம்ம ஊர்ல கெடைக்காது. ரெண்டு ட்யூபையும் வெட்டி, நடுவுல ஒரு பித்தளக் குழாயச் சொருகி, கிளிப்பு போட்டு ஸ்க்ரூடிரைவரால முடுக்கிட்டாரு."

ராஜராஜன் இரண்டு காலையும் நெருக்கிச் சேர்த்துக்கொண்டார்.

"பித்தளையா?"

"துருப்பிடிக்காதுல்ல. இப்ப ஒரு சொட்டு ஒழுகல. ஹீட்டர் மட்டும் வேல செய்யாது. அது நமக்கு எதுக்கு?"

"என்னங்க, நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் பிரகதாம்பாள். அவளுக்கு அப்போதுதான் இரண்டு பேரும் இரண்டு விஷயம் பேசுகிறார்கள் என்று உறைத்தது. "ஐயா, காருங்க. காரு ஒழுகுச்சு. கார் ஹீட்டருலேருந்து சுடுதண்ணி சொட்டி உங்க கால்ல ஊத்துச்சு. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நாங்களும் தப்பா நெனச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க."

ராஜராஜன் அவளைப் பார்த்தார், பஞ்சநதத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

"காரா?"

"காருங்க."

"கால் எனக்குக் கொஞ்சம் மரத்துத்தான் போகும். எங்கேருந்து வருதுன்னு தெரியல. வாசன வேற." அவர் குரல் மெல்ல உயர்ந்தது. "ஒரு வாரமா கேவுருக் கூழு குடிக்கறேன். டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்க, சக்கரை நார்மல்னான். லேப்காரனுக்கு ஒண்ணும் தெரியலன்னு திட்டிவிட்டுட்டேன். எழுந்திருங்க."

பிரகதாம்பாள் பயந்து எழுந்தாள். அவர் கோபமாக வாசலுக்கு நடந்தார், செருப்புக் கூடப் போடவில்லை. நேராகப் போய்க் காரின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். வெறும் பாதத்தை மிதியடியில் பதித்தார்.

"எடுங்க வண்டிய."

"எங்க ஐயா?"

"கோயில சுத்திப் போங்க."

மாயூரநாதர் கோயில் நாலு வீதியையும் சுற்றினாள். ஒரு சுற்று முடிந்ததும் "இன்னொன்னு" என்றார். மூன்று சுற்று ஆயிற்று. ஒவ்வொரு முக்கிலும் குனிந்து மிதியடியைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. மூன்றாவது சுற்றில், தெற்கு வீதியில் ஒரு மிட்டாய்க் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள்.

"அந்தப் பன்னீர்" என்றார் அவர் சாலையைப் பார்த்தபடி, "ரெண்டு லிட்டர் இருக்குமா?"

"இருக்குங்க."

"முழுசையும் ஊத்திட்டீங்க."

"பாதி ஊத்தினா நம்ப மாட்டாங்கன்னு தோணுச்சு."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அவள் பதறிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு இறங்கிப் போய், டெஸ்டில் நார்மல் என்று வந்த தைரியத்தில், ஒரே ஒரு பால்கோவா வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார்.

கல்யாணம் தஞ்சாவூரில் ஜாம்ஜாமென்று நடந்தது. ஐம்பத்தோரு தட்டு. பெண் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள் என்பதால் பிரகதாம்பாள் தேங்காய் பர்பியில் லேப்டாப் செய்திருந்தாள். கீபோர்டுக்கு ஏலக்காய். ராஜராஜன் இந்த முறையும் வேனில் ஏறவில்லை. தானே கேட்டு வாங்கி அவள் காரின் முன்சீட்டில் வந்தார், மூத்தவன் வந்து என்ன சொன்னான் என்பதையும் சொல்லி முடித்தார். அப்படி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. பிரகதாம்பாள் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பஞ்சநதம் வேகமாக வந்தார்.

"அங்க என்ன நடக்குது தெரியுமா? அவர் அந்தக் கதையச் சொல்லிக்கிட்டிருக்காரு. பத்துப் பதினஞ்சு பேரு சுத்தி உக்காந்து சிரிக்கறாங்க."

"சொல்லட்டும். அவர் கத, அவர் சொல்றாரு."

"அவருக்கு நடந்த மாதிரி சொல்லல பிரகதா. எனக்கு நடந்த மாதிரி சொல்றாரு. 'கண்டக்டர் ஒருத்தர் இருக்காரு, பஞ்சநதம்னு' அப்படிங்கறாரு. நான் மூணு தடவ மரத்துக்குப் பின்னால போனேனாம். எம்மேலதான் பன்னீரக் கொட்டினியாம்."

பிரகதாம்பாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீ சிரிக்கற. போய் உண்மையச் சொல்லிட்டு வர்றேன்" என்று அவர் கிளம்பினார். தூணுக்கு அந்தப் பக்கம் போனதும் ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்தது. "இதோ வந்துட்டாரு, இவருதான்" என்று ராஜராஜன் குரல் கேட்டது. யாரோ நாற்காலி இழுத்துப் போடும் சத்தம். "சொல்லுங்க சார், அப்புறம் என்னாச்சு?" என்றது ஒரு இளம் குரல்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு பஞ்சநதம் வாயைப் பார்த்துக்கொண்டு பதினைந்து பேர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பிரகதாம்பாள் கையில் தட்டோடு காதைக் கொடுத்து நின்றாள்.

"அத ஏன் கேக்கறீங்க" என்று ஆரம்பித்தார் பஞ்சநதம். "மூணு தடவயா? அஞ்சு தடவ."

தட்டையெல்லாம் அவளே ஏற்றிக் கட்டினாள். டிக்கியை மூடி, தலையணையைச் சரிசெய்து, இரண்டு முறை ஹார்ன் அடித்துப் பார்த்தாள். அவர் வரவில்லை. சரி என்று இறங்கிப் போய், பந்தியில் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.